மூன்றாம் எண்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. கணிதம்

3.9 பெரிதா, 3.10 பெரிதா? ஐந்தாம் வகுப்புப் படிக்கும் சிறுவனைக் கேட்டாலும் 3.9 தான் பெரிது என்பான். தசமப் புள்ளிக்குப் பின் கடைசியாக நிற்கும் சுழியத்திற்கு மதிப்பில்லை, ஆகவே 3.10 என்பதும் 3.1 என்பதும் ஒன்றே. கணிதத்தை முதன்மைப் பாடமாகக் கொண்ட நாமும் அதையேதான் சொல்வோம். ஆனால் நமது ஆய்வுக்கூடத்தில் பயிலும் பைத்தான் என்னும் கணிப்பொறி மொழியில் 3.9 வெளிவந்தது 2020 அக்டோபரில், 3.10 வெளிவந்தது 2021 அக்டோபரில். அங்கே 3.10 தான் பெரியது!

காரணம் எளிது. அந்தப் புள்ளி தசமப் புள்ளி அன்று. நம் பாடநூல்களில் மூன்றாம் அத்தியாயத்தின் பத்தாம் பிரிவை 3.10 என்று குறிக்கிறார்களே, அந்த வகைப் புள்ளி. மனிதர்கள் மட்டும் இதில் ஏமாறுவதில்லை, புரோகிராம்களும் ஏமாந்தன. 3.0 முதல் 3.9 வரை பதிப்பின் பெயரில் மூன்றே எழுத்துகள். முதல் மூன்று எழுத்தை மட்டும் வெட்டியெடுத்து 'இது எந்தப் பதிப்பு' என்று முடிவு செய்யும் புரோகிராம்களைப் பலர் எழுதி வைத்திருந்தார்கள். 3.10 வந்ததும் அவை மூன்று எழுத்தை வெட்டி, '3.1' என்று படித்து, 2009-இல் வெளிவந்த பழம்பதிப்பு என்று எண்ணிக்கொண்டு வேலை செய்ய மறுத்துவிட்டன. ஒரு புள்ளியை எப்படிப் படிப்பது என்பதில் இவ்வளவு தொல்லை என்றால், இரண்டு புள்ளிகள் வந்தால்? 3.10.7 என்பது போன்ற பெயரில் கடைசியாக நிற்கும் அந்த மூன்றாம் எண்ணைப் பற்றியே இக்கட்டுரையில் எழுத விரும்புகிறேன். பலரும் அதைப் படிக்காமலே தாண்டிவிடுகிறார்கள். அந்த எண்ணால் எனக்கு ஒரு பரிசு போயிற்று.

மூன்றாம் எண் ஒட்டுகளின் எண்ணிக்கை. ஆங்கிலத்தில் 'பேட்ச்' என்கிறார்கள். இந்தச் சொல் வெறும் உவமையாக வந்ததன்று. 1944-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய மார்க்-1 என்ற பெரிய கணிப்பொறிக்குக் கட்டளைகள் நீண்ட காகித நாடாவில் துளைகளாக இடப்பட்டன. தவறான இடத்தில் துளை விழுந்துவிட்டால் நாடா முழுவதையும் மறுபடி அடிக்காமல், அந்தத் துளையின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிடுவார்கள். உண்மையாகவே ஒட்டுத்தான்.

நான் இச்சொல்லை முதலில் கேட்டது ஆய்வுக்கூடத்தில் அன்று. என் தந்தையார் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைக் கண்டு, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவிக் காயவிட்டு, துண்டு ரப்பரை வைத்து அழுத்துவதைப் பார்த்தே வளர்ந்தேன். பைத்தான் 3.8.20 என்ற பெயரைக் காட்டி, "இருபது ஒட்டு, அப்பா" என்றேன் ஒருநாள். அவர் சிறிதும் வியப்படையவில்லை. "ஒட்டு எத்தனைங்கறது பெரிசில்லப்பா. ஒட்டு மேல ஒட்டு போட்டா அதுதான் நிக்காது" என்றார். இதைப் பின்னர் விளக்குகிறேன்.

நூலகத்துப் பழைய புத்தகங்களில் 'பிழையும் திருத்தமும்' என்று ஒரு சிறு தாள் செருகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பக்கம் 42, வரி 7, 'அவன்' என்பதை 'அவள்' என்று படிக்க. கணிப்பொறி உலகிலும் இப்படித்தான் நடந்தது. 1985-இல் லாரி வால் என்ற அமெரிக்கர் 'பேட்ச்' என்ற பெயரிலேயே ஒரு புரோகிராம் எழுதி வெளியிட்டார். மாறிய வரிகளின் பட்டியலை மட்டும் அனுப்பினால் போதும். அது அக்கம்பக்கத்து வரிகளை ஒப்பிட்டுப் பார்த்துச் சரியான இடத்தைக் கண்டுபிடித்து, பழைய வரியை எடுத்துவிட்டுப் புதிய வரியை வைத்துவிடும். தொலைபேசிக் கம்பி வழியே மெதுவாகச் செய்தி போய்க்கொண்டிருந்த அக்காலத்தில் முழுப் புரோகிராமையும் மறுபடி அனுப்பாமல் திருத்தத்தை மட்டும் அனுப்ப முடிந்தது எத்தனை பெரிய வசதி! அவரே 1987 டிசம்பரில் பெர்ல் என்ற மொழியையும் வெளியிட்டார். ஒட்டுப் போடும் கருவியைச் செய்தவரே இரண்டாண்டு கழித்து ஒரு மொழியையும் படைத்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

இனிப் பைத்தானுக்கு வருவோம். ஆம்ஸ்டர்டாம் நகரிலுள்ள ஒரு கணித ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய கைடோ வான் ராசம், 1989-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் பொழுதுபோக்காக இதை எழுதத் தொடங்கினார். 1991 பிப்ரவரியில் 0.9.0 என்ற எண்ணுடன் வெளியிட்டார். பெயர் மலைப்பாம்பிலிருந்து வந்தது என்று எண்ணுவோர் நம் வகுப்பிலும் உண்டு. உண்மையில் மாண்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவின் பெயர் அது.

முதல் எண் மாறினால் வீடே மாறியது போல. 2008 டிசம்பர் 3-ஆம் நாள் 3.0 வந்தபோது, 2-இல் எழுதிய புரோகிராம்கள் பல அப்படியே ஓடவில்லை. 7-ஐ 2-ஆல் வகுத்தால் பழையதில் 3, புதியதில் 3.5. எழுத்துகளைக் கையாளும் முறையும் மாறியது. இதில் நமக்கு நேரடித் தொடர்பு உண்டு. 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் எவ்வளவு என்று பைத்தான் 2-ஐக் கேட்டால், இக்காலத்து யூ.டி.எஃப்-8 முறையில் சேமித்த சாதாரணச் சொல்லுக்கு 15 என்று சொல்லும். பைத்தான் 3-ஐக் கேட்டால் 5 என்று சொல்லும். நம் தமிழாசிரியரைக் கேட்டால் 3 என்பார். பதினைந்து என்பது நினைவகத்தில் அச்சொல் பிடிக்கும் இடம். ஐந்து என்பது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று தனித்தனியே எண்ணியது. மூன்றுக்கு இன்னும் வரவில்லை. ஆனாலும் பதினைந்திலிருந்து ஐந்துக்கு வந்தது முன்னேற்றம் அன்றோ? பழையதைக் கைவிட உலகத்திற்கு மனம் வரவில்லை. 2.7 பதிப்புக்கு 2015-இல் ஆதரவை நிறுத்துவதாக இருந்தவர்கள் 2020 வரை நீட்டித்தார்கள். அதன் கடைசி ஒட்டான 2.7.18 வெளிவந்தது 2020 ஏப்ரலில்.

இரண்டாம் எண் 3.9 முதற்கொண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அக்டோபர் மாதத்தில் கூடுகிறது. புதிய வசதிகள் அப்போது வரும். ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ ஐந்தாண்டு ஆயுள். முதல் ஒன்றரை அல்லது இரண்டு ஆண்டுகள் எல்லாப் பிழைகளையும் திருத்துவார்கள். பிறகு திருடன் நுழையக்கூடிய ஓட்டைகளை மட்டும் அடைப்பார்கள். 2025 அக்டோபரில் 3.14 வெளிவந்தபோது பையின் மதிப்பை நினைத்துக் கணித மாணவர்கள் மகிழ்ந்திருப்பார்கள். டொனால்ட் நூத் என்னும் பேரறிஞரோ தாம் படைத்த டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளுக்கு மெய்யாகவே பையின் மதிப்பை நோக்கிப் பதிப்பெண் இட்டு வருகிறார். ஒவ்வொரு திருத்தத்திற்கும் ஓர் இலக்கம் கூடும். 2021-இல் அது 3.141592653 ஆயிற்று. தம் மறைவுக்குப் பின் எண்ணைப் பை என்றே வைத்துவிட வேண்டும், அதன் பின் யாரும் கைவைக்கக்கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். அத்தகைய நிறைவு சாதாரண மொழிகளுக்கு வாய்ப்பதில்லை.

மூன்றாம் எண்ணுக்கு ஒரு வாக்குறுதி உண்டு. அது கூடினால் பிழை மட்டுமே திருத்தப்பட்டிருக்கும், நேற்று ஓடியது இன்றும் ஓடும் என்பதே அது. இந்த வாக்கு பெரும்பாலும் காப்பாற்றப்படுகிறது. தவறிய இடங்கள் சிலவற்றைச் சொல்கிறேன்.

2002 ஏப்ரலில் வந்த 2.2.1-இல் 'ட்ரூ', 'ஃபால்ஸ்' என்ற இரண்டு புதிய பெயர்களைச் சேர்த்தார்கள். மெய், பொய் என்று சொல்ல இரண்டு சொற்கள்; இதில் என்ன கெடுதல் என்று தோன்றும். ஆனால் 2.2.1-இல் அச்சொற்களை நம்பி எழுதிய புரோகிராமை 2.2 உள்ள கணிப்பொறிக்குக் கொண்டுபோனால், 'ட்ரூ என்றால் யார்?' என்று கேட்டு நின்றுவிடும். மூன்றாம் எண்ணைப் பாராமல் 'என்னிடமும் 2.2 தான் இருக்கிறது' என்று சொல்பவர் விழிக்க வேண்டியதுதான். ஒட்டில் புதிய வசதி சேர்க்கக்கூடாது என்பதை இப்போது கண்டிப்பாகப் பின்பற்றுகிறார்கள்.

என் தந்தையார் சொன்ன 'ஒட்டு மேல் ஒட்டு' பி.எச்.பி. என்ற மொழியில் நடந்தது. வலைத்தளத்திற்கு வேண்டுமென்றே ஆயிரக்கணக்கான விவரங்களைத் திணித்து அனுப்பி அதை முடக்கிவிடும் ஒரு தந்திரம் 2011 டிசம்பரில் வெளியாயிற்று. அதைத் தடுக்க 2012 ஜனவரியில் 5.3.9 வந்தது, இத்தனை விவரங்களுக்கு மேல் ஏற்பதில்லை என்று வரம்பு கட்டியது. அந்த வரம்பைக் கட்டிய வரிகளிலேயே ஒரு பிழை! முன்பு வலைத்தளத்தை முடக்க மட்டுமே முடிந்தது. இப்போது அயலான் தன் புரோகிராமையே அதனுள் ஓட்டக்கூடிய ஓட்டை விழுந்துவிட்டது. பிப்ரவரி 2-ஆம் நாள் 5.3.10 வெளியிட்டு அதை மூடினார்கள். சிறு ஓட்டையை அடைக்கப் போய்ப் பெரிய ஓட்டை போட்ட கதை.

பைத்தான் 3.9.3 இரண்டே நாள் வாழ்ந்தது. 2021 ஏப்ரல் 2-ஆம் நாள் வெளிவந்த அது, 32 பிட் கணிப்பொறிகளில் முன்பு அமைத்த சில இணைப்புகளைச் செயலிழக்கச் செய்தது. அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்று 4-ஆம் நாள் 3.9.4 என்று வெளியிட்டார்கள். 'அதே 3.9.3-ஐத் திருத்தி வைத்திருக்கலாமே' என்று ஒரு நண்பர் என்னைக் கேட்டார். கூடாது என்பதே என் கருத்து. இரண்டு நாளில் அதை எத்தனையோ பேர் எடுத்துப் போயிருப்பார்கள். ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் உலவினால், 'என்னிடம் 3.9.3 இருக்கிறது' என்பதற்குப் பொருளே இல்லாமற் போகும். எண்ணுக்குப் பஞ்சமா என்ன?

இப்போது என் பரிசுக்கு வருகிறேன். சென்ற ஆண்டு ஒரு வெளியூர்க் கல்லூரியில் நடந்த புரோகிராம் எழுதும் போட்டிக்கு நம் துறையிலிருந்து மூவர் சென்றோம். முதற்பரிசு 2,000 ரூபாய். ஓர் எண்ணின் காரணீயப் பெருக்கத்தைக் கண்டு, விடையிலுள்ள இலக்கங்களை எல்லாம் கூட்ட வேண்டும் என்பது கேள்வி. 2,000 வரை எந்த எண்ணையும் கொடுத்துச் சோதிப்பார்கள். நம் ஆய்வுக்கூடத்தில் இதே கணக்கைப் பலமுறை செய்து பார்த்திருக்கிறேன். பெருக்கத்தைக் கண்டு, எழுத்துவரிசையாக மாற்றி, ஒவ்வோர் இலக்கமாகக் கூட்ட வேண்டியது; நான்கு வரி போதும். 10-க்குச் சரியான விடை வந்தது. 1,000-க்கும் வந்தது, அது 2,568 இலக்கம் கொண்ட எண். 2,000-ஐக் கொடுத்ததும் பிழைச் செய்தி வந்து நின்றது: எண்ணை எழுத்தாக்க 4,300 இலக்கமே வரம்பு என்றது அது. நடுவர் என் தாளில் குறுக்குக்கோடு போட்டார். "எங்கள் கல்லூரியில் இதே புரோகிராம் ஓடியது, சார்" என்றேன். "அங்கே ஓடினா எனக்கென்ன தம்பி? இங்கே ஓடணும்" என்றார். விடையைப் பத்தால் வகுத்து வகுத்து இலக்கங்களைப் பிரித்தவர்கள் தேறிவிட்டார்கள். எழுத்தாக மாற்றியவர்கள் எல்லோரும் தோற்றோம்.

திரையின் தலைப்பில் இருந்த 3.10.11 என்ற எண்ணை மட்டும் தாளின் பின்புறம் குறித்துக்கொண்டு வந்தேன். மறுநாள் நம் ஆய்வுக்கூடத்தில் பார்த்தபோது அங்கே 3.8.10 என்றிருந்தது, 2,000-இன் காரணீயப் பெருக்கம் 5,736 இலக்கங்களாகத் திரை முழுவதும் ஓடிற்று. என் புரோகிராமில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. நம் துறைப் பேராசிரியரிடம் காட்டினேன். "ஒவ்வொரு ஒட்டுக்கும் என்னென்ன மாற்றினார்கள் என்று பட்டியல் போட்டிருப்பார்கள். அதைப் படி" என்றார். ஒரு வாரம் படித்தேன்.

விடை 2022 செப்டம்பரில் இருந்தது. அம்மாதம் 3.7.14, 3.8.14, 3.9.14, 3.10.7 என்று நான்கு பதிப்புகளுக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஒட்டு வெளியிட்டார்கள். கணிப்பொறி எண்ணை இரண்டடிமானத்தில் வைத்திருக்கிறது. நமக்குக் காட்டும்போது பத்தடிமானத்திற்கு மாற்ற வேண்டும். அந்த மாற்றத்திற்குப் பைத்தான் கையாண்ட வழியில், இலக்கங்களின் எண்ணிக்கை இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. பத்து மடங்கானால் நூறு மடங்கு. எழுத்திலிருந்து எண்ணாக மாற்றும்போதும் இதே நிலைதான். ஆகவே ஒரு வலைத்தளத்தில் வயதைக் கேட்கும் கட்டத்தில் பல லட்சம் இலக்கம் கொண்ட எண்ணை ஒருவன் அனுப்பினால், அதை மாற்றுவதிலேயே அந்தக் கணிப்பொறி திணறிக் கிடக்கும். இதைத் தடுக்கவே 4,300 என்ற வரம்பு. இரண்டு, எட்டு, பதினாறு அடிமானங்களில் எழுதினால் இவ்வரம்பு இல்லை. ஏனெனில் அங்கே மாற்றம் விரைவில் முடிந்துவிடும். எண்ணைக் கணக்கிடுவதற்கும் வரம்பில்லை. பத்தடிமான எழுத்தாக்கும் இடத்தில் மட்டுமே அணை. வேண்டுமானால் ஒரே வரியில் அந்த அணையைத் திறந்துவிடவும் வசதி வைத்திருக்கிறார்கள். அந்த வரி உண்டென்பது அன்று எனக்குத் தெரிய வழியில்லை.

கணித மாணவர்களுக்கு ஒரு சுவையான செய்தி: 1,558-இன் காரணீயப் பெருக்கத்தில் மிகச் சரியாக 4,300 இலக்கங்கள். அது அச்சாகும். 1,559-க்குப் போனால் 4,303, அச்சாகாது. ஸ்டர்லிங் சூத்திரத்தைக் கொண்டு தாளில் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு கணிப்பொறியிலும் சரிபார்த்தேன். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

அந்த ஒட்டைப் போட்டவர்கள்மேல் முதலில் எனக்குக் கடுங்கோபம். மூன்றாம் எண் கூடினால் நேற்று ஓடியது இன்றும் ஓடும் என்று வாக்குக் கொடுத்தவர்கள் அல்லவா? பெரிய எண்களோடு புழங்கும் கணித அறிஞர்களும் அப்போது குறைப்பட்டிருக்கிறார்கள். யோசிக்க யோசிக்க அவர்களுக்கும் வேறு வழியில்லை என்று பட்டது. அடுத்த அக்டோபர் வரை காத்திருந்து இரண்டாம் எண்ணை மாற்றும்போது செய்கிறோம் என்று அறிவித்தால், திருடனுக்குப் பூட்டில்லாத வீட்டின் முகவரியைக் கொடுத்தது போலாகும். ஆயினும் 4,300 என்பது மிகவும் குறைவு என்றே இன்றும் சொல்வேன். போட்டி நடத்தியவர்கள்மேல் எனக்குள்ள குறை வேறு. எந்தப் பதிப்பு என்று விதிமுறையில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். இதையெல்லாம் விளக்கி, பேராசிரியரின் கையொப்பத்தோடு ஒரு கடிதம் அனுப்பினோம். பதில் வரவில்லை.

நம் ஆய்வுக்கூடத்தில் ஏன் 3.8.10 இருக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. அக்கணிப்பொறிகளில் இருப்பது விண்டோஸ் 7. பைத்தான் 3.9 முதல் அதில் ஏறாது. ஆகவே 3.8-க்கு மேல் நாம் போக முடியாது. 3.8-க்கு 2024 செப்டம்பர் வரை, 3.8.20 முடிய ஒட்டுகள் வந்தனவே என்று கேட்கலாம். 2021 மே மாதத்து 3.8.10-க்குப் பிறகு அப்பதிப்புக்கு விண்டோஸில் நேரே நிறுவும்படி கட்டித் தருவதை நிறுத்திவிட்டு மூலவரிகளை மட்டுமே வெளியிட்டார்கள். ஒட்டுத் துண்டு கிடைத்தது, சொல்யூஷன் கிடைக்கவில்லை என்பது போன்ற நிலை. ஆகையால்தான் 3.8.14-இல் கட்டிய அந்த அணை நம் பழைய கணிப்பொறிகளுக்கு வந்து சேரவேயில்லை. புதிதாக வந்த ஆறு கணிப்பொறிகளிலோ 3.12 இருக்கிறது.

செய்முறைத் தேர்வில் யாருக்கு எந்தக் கணிப்பொறி என்பது சீட்டுக் குலுக்கலில் முடிவாகிறது. பழையதில் அமர்ந்தவர் 3.10-இல் வந்த 'மேட்ச்' கட்டளையை எழுதினால் இலக்கணப் பிழை என்று வரும். புதியதில் அமர்ந்தவர் பெரிய காரணீயப் பெருக்கத்தை அச்சிட்டால் வரம்பு மீறல் என்று வரும். வெளியிலிருந்து வரும் தேர்வாளருக்கு இரண்டுமே மாணவனின் தவறாகத்தான் தெரியும். இதைத் துறைத்தலைவரிடம் எடுத்துச் சொன்னோம். பதிவேட்டில் ஒவ்வொரு பயிற்சிக்கும் 'நோக்கம்' என்ற தலைப்பின் கீழே பதிப்பெண்ணை மூன்று எண்களோடும் எழுதலாம் என்று இந்தப் பருவம் முதல் அனுமதி கொடுத்துவிட்டார்கள். நானும் இரு வகுப்புத் தோழர்களும் ஒரு சனிக்கிழமை மாலை உட்கார்ந்து, ஒவ்வொரு கணிப்பொறியின் பதிப்பெண்ணையும் தாளில் பெரிதாக எழுதித் திரையின் மேல் விளிம்பில் ஒட்டினோம். ஏழாம் எண் கணிப்பொறிக்கு மட்டும் ஒட்டவில்லை; அது ஜூன் மாதத்திலிருந்து பழுதாகிக் கிடக்கிறது.